ஆண் பெருசா, பெண் பெருசா? பல்லி இனங்களின் உடல் அளவுக்குப் பின்னால் இருக்கும் வரவு - செலவு கணக்கு

மதில் சுவர் மேல் ஒரு ஓணான். தலையும் தொண்டையும் செக்கச் செவேலென்று இருக்க, முன்னங்கால்களை ஊன்றி 'புஷ்-அப்' எடுக்கிறது. கன்னங்கள் இரண்டும் உப்பியிருக்கின்றன. 'ரத்தம் குடிக்குது பாரு' என்று சொல்லி ஊர்ப்பக்கம் பிள்ளைகள் கல்லெடுப்பது இதைப் பார்த்துதான்.

அது ரத்தம் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்கு வரும் நிறம். 'இது என் ஏரியா, உள்ளே வராதே' என்று மற்ற ஆண்களுக்கு அது ஒட்டும் போஸ்டர். அதே மதிலுக்குக் கீழே, செடி மறைவில், காய்ந்த சருகு நிறத்தில் சத்தமில்லாமல் இருப்பது பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆணின் உடம்பு கொஞ்சம் பெருசு. தலையும் தாடையும் நல்லாவே பெருசு.

'ஆண்னா பெருசாத்தானே இருக்கும், இதுல என்ன இருக்கு?' என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பல்லி இனங்களில் ஆண் பெரிதாக இருப்பவையும் உண்டு, பெண் பெரிதாக இருப்பவையும் உண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பவையும் உண்டு. நெருங்கிய சொந்தக்காரர்களான இரண்டு இனங்களில், ஒன்றில் ஆண் பெரிது, இன்னொன்றில் பெண் பெரிது என்றுகூட இருக்கிறது.

இதை உயிரியலாளர்கள் 'பால்சார் உடல் அளவு வேறுபாடு' என்கிறார்கள். ஏன் இப்படி? பெரிதாக இருப்பதால் என்ன லாபம்? அதற்கு என்ன விலை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எப்படி அளக்கிறார்கள்?

சுவர்ப் பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி, கொமோடோ டிராகன் எல்லாமே ஒரே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள். தமிழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர் இல்லாததால் இந்தக் கட்டுரையில் 'பல்லி இனங்கள்' என்றே சொல்வோம்.

இவற்றை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: வால். பல பல்லிகள் ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். திரும்ப முளைக்கும் வால் பழைய நீளத்துக்கு வராமல் போகலாம். அதனால் தலை முதல் வால் வரை அளந்தால் கணக்கு தப்பாகிவிடும். எனவே மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடத்திலுள்ள கழிவுத் துளை வரை அளக்கிறார்கள். உலகில் எந்த நாட்டு ஆய்வை எடுத்தாலும் பல்லியின் 'உயரம்' என்பது இதுதான். கூடவே எடையும் தலையின் அகலமும் குறிக்கப்படும்.

ஆணைப் பெரிதாக்குவது எது?

1871-ல் வெளிவந்த மனிதனின் வழித்தோன்றல் பற்றிய நூலில் சார்லஸ் டார்வின் ஒரு விளக்கம் கொடுத்தார். உயிர் பிழைப்பது மட்டும் போதாது, இணையும் கிடைக்க வேண்டும். இணைக்காக ஆண்கள் மோதிக்கொள்ளும் இனங்களில், பெரிய உடம்பு இருப்பவனுக்கு ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம். ஜெயித்தவனின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. இப்படியே போனால், தலைமுறைகள் கடக்கக் கடக்க ஆண்கள் பெரிதாகிக்கொண்டே வருவார்கள். இதற்கு 'பாலியல் தேர்வு' என்று பெயர்.

பல்லி இனங்களில் இதற்கு உதாரணங்கள் நிறைய. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் வாழும் பாறை ஓணானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண், பெண்ணைவிட நன்றாகப் பெரிது. உயரமான பாறையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டி, உடம்பை உயர்த்தி, தன் இடத்தைக் காவல் காக்கும். இனப்பெருக்கக் காலத்தில் நிறத்தையும் மாற்றும். பெண்ணைப் பார்த்தால் ஒரு நிறம், எதிரியைப் பார்த்தால் இன்னொரு நிறம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர் குழுவினர் இந்த நிறமாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கரீபியன் தீவுகளில் வாழும் பழுப்பு அனோல் இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஆணின் எடை பெண்ணின் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன்களோ, பின்னங்கால்களில் எழுந்து நின்று, வாலை ஊன்றிக்கொண்டு மல்யுத்தமே செய்கின்றன. கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுபவன் ஜெயிப்பான். அப்படிப்பட்ட சண்டையில் ஒவ்வொரு கிலோவும் முக்கியம்.

பெண்ணைப் பெரிதாக்குவது எது?

ஒரே வார்த்தையில் சொன்னால், முட்டை.

பெண்ணின் வயிற்றில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அத்தனை முட்டைகள். உடம்பு பெரிதானால் ஒரே தடவையில் அதிக முட்டை போடலாம். எனவே அதிக முட்டை போடும் இனங்களில் பெண்ணைப் பெரிதாக்கும் அழுத்தம் வேலை செய்யும். இதையும் டார்வின் யோசித்திருந்தார்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் வாழும் கொம்பு ஓணான் நல்ல உதாரணம். ஆபத்து வந்தால் கண்ணிலிருந்து ரத்தத்தைப் பீய்ச்சி அடிக்குமே, அதேதான். தட்டையான, அகலமான உடம்பு. ஒரே தடவையில் 20, 30 முட்டைகள்கூடப் போடும். இந்த இனத்தில் பெண்தான் பெரிது.

இப்போது நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். டியூப் லைட் பட்டிக்குப் பின்னால், காலண்டருக்குப் பின்னால், அலமாரி இடுக்கில் பல்லி முட்டை பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஜோடியாக இரண்டு இருக்கும். வீட்டுப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் போடும். தாய் எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும் மூன்றாவது வராது. அனோல் வகைகள் இன்னும் கறார்: ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை.

இப்படி எண்ணிக்கை 'ஃபிக்ஸ்' ஆகிவிட்ட இனங்களில், பெண் பெரிதாக வளர்வதால் ஒரே தடவையில் கூடுதல் முட்டை என்ற லாபம் கிடையாது. அனோல்களில் ஆண் - பெண் வித்தியாசம் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆணைப் பெரிதாக்கும் விசை இருக்கிறது, பெண்ணைப் பெரிதாக்கும் விசை பலவீனமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. ஆணும் பெண்ணும் வேறு வேறு அளவில் இருந்தால் வேறு வேறு இரையைத் தின்னலாம். பெரிய தலை, பெரிய தாடை இருப்பவர் கடினமான வண்டுகளை நொறுக்குவார். சிறியவர் சின்னப் பூச்சிகளோடு நிறுத்திக்கொள்வார். ஒரே மரத்தில் சாப்பாட்டுச் சண்டை குறையும்.

பிறக்கும்போது ஒரே சைஸ், அப்புறம் எங்கே பிரிகிறது?

பெரும்பாலான பல்லி இனங்களில் குஞ்சுகள் பிறக்கும்போது ஆண், பெண் என்று அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. வளரும் வேகத்தில்தான் பாதை பிரிகிறது.

'ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டீரோன் இருக்கே, அதுதான் ஆணைப் பெரிதாக்கும்' என்று நாம் நினைப்போம். ஜிம்முக்குப் போகிறவர்கள் தினமும் கேட்கும் கதையும் இதுதான். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் காக்ஸ், ஹென்றி ஜான்-ஆல்டர் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது முள்செதில் ஓணான்கள் என்று சொல்லத்தக்க ஒரே பேரினத்தின் மூன்று இனங்கள். ஒன்றில் ஆண் பெரிது. மற்ற இரண்டில் பெண் பெரிது. இளம் ஆண்கள் சிலவற்றுக்கு விதைப்பைகளை அகற்றினார்கள், அதாவது டெஸ்டோஸ்டீரோன் சுரப்பை நிறுத்தினார்கள். அப்படி அகற்றிய சிலவற்றுக்கு வெளியிலிருந்து அந்த ஹார்மோனைக் கொடுத்தார்கள்.

ஆண் பெரிதாக இருக்கும் இனத்தில், ஹார்மோன் நின்றதும் வளர்ச்சி குறைந்தது. திரும்பக் கொடுத்ததும் வளர்ச்சி திரும்பியது. இதுவரை எதிர்பார்த்ததுதான்.

ஆனால், பெண் பெரிதாக இருக்கும் இரண்டு இனங்களிலும் கதை தலைகீழ். ஹார்மோனை நிறுத்தியதும் ஆண்கள் வேகமாக வளர்ந்தன. ஹார்மோனைக் கொடுத்ததும் வளர்ச்சி மட்டுப்பட்டது. 2005-ல் வெளியான இந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதே ஹார்மோன், ஒரே பேரினம், ஆனால் எதிரெதிர் விளைவு.

இது எப்படி முடியும்? கிழக்கு அமெரிக்காவில் வாழும் வேலி ஓணானில் இதற்கான பதில் கிடைத்தது. டெஸ்டோஸ்டீரோன் ஏறிய ஆண் சும்மா இருக்காது. அங்கே ஓடும், இங்கே ஓடும், பெரிய பரப்பைச் சுற்றிவரும், காவல் காக்கும். தின்றது எல்லாம் ஓட்டத்துக்கே போய்விட்டால் வளர மிச்சம் ஏது? மாசச் சம்பளம் முழுக்க பெட்ரோலுக்கும் இ.எம்.ஐ.க்கும் போன பிறகு சேமிப்புக் கணக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான்.

காக்ஸ் குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். ஆண் பெரிதாக இருக்கும் அந்த இனத்தை ஆய்வகக் கூண்டில், போதுமான தீனி கொடுத்து, ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். காட்டில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஆண் - பெண் வளர்ச்சி வித்தியாசம் அங்கே காணாமல் போனது. 2006-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது: அளவு என்பது உடம்புக்குள் எழுதிவைத்த எண் மட்டும் இல்லை. கிடைக்கும் சாப்பாடு, ஓட வேண்டிய தூரம், வாழும் இடம் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

ஒரே ஒரு முட்டை, அதற்கே இவ்வளவு செலவா?

பெண்ணின் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். பழுப்பு அனோல் ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான் போடும் என்று பார்த்தோம். 'ஒரு முட்டைதானே, பெரிய பாரம் இல்லை' என்று தோன்றும்.

காக்ஸ், ரயன் கால்ஸ்பீக் இருவரும் பஹாமாஸ் தீவுகளில் சில பெண் அனோல்களின் சினைப்பைகளை அறுவை சிகிச்சையில் அகற்றி, அவற்றைத் திரும்ப இயற்கையிலேயே விட்டார்கள். முட்டை போடும் வேலை இல்லாத அந்தப் பெண்கள் வேகமாக வளர்ந்தன. மற்ற பெண்களைவிட அதிகம் உயிர் பிழைத்தன. ஒரு தடவைக்கு ஒன்று என்றாலும், சீசன் முழுக்க நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பதன் மொத்தச் செலவு அவ்வளவு பெரிது.

அதாவது பெண் 'சின்னதாக' இருப்பதற்கு அவளிடம் ஏதோ குறை என்று அர்த்தம் இல்லை. வளர்ச்சிக்குப் போக வேண்டிய தொகை முட்டைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கொமோடோ: பாதி ஆயுளில் முடியும் கணக்கு

இந்தச் செலவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகின் மிகப் பெரிய பல்லி இனமே சாட்சி.

கொமோடோ டிராகனில் ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு எடை போடக்கூடியவை. இந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆய்வாளர்கள் சுமார் 400 கொமோடோக்களைப் பல ஆண்டுகள் பிடித்து, அளந்து, விட்டு, திரும்பப் பிடித்து அளந்தார்கள். 2012-ல் முடிவுகள் வெளிவந்தன.

சின்ன வயதில் இரண்டு பாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன. பருவம் வந்த பிறகு பெண்ணின் வளர்ச்சி தளர்ந்துவிடுகிறது. ஆணோ தொடர்ந்து வளர்ந்துகொண்டே போகிறது. ஆய்வாளர்கள் கணித்த ஆயுள் கணக்குதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது: ஆண் சராசரியாக 60 ஆண்டுகள் அளவுக்கு வாழலாம் என்றால், பெண்ணுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான்.

காரணமாக அவர்கள் சொல்வது தாய்மையின் செலவை. கூடு தோண்டுவது, ஒரு தடவைக்கு 20 அளவில் முட்டைகளை உருவாக்குவது, அதன் பிறகு மாதக்கணக்கில் கூட்டைக் காவல் காப்பது. காவல் காக்கும் காலத்தில் இரை தேடுவது குறையும், உடம்பு இளைக்கும். சில தடவை இப்படி நடந்தால் போதும், ஆயுள் குறைந்துவிடுகிறது.

இது வெறும் சுவாரஸ்யத் தகவல் இல்லை. 2021-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கொமோடோவை 'அழிவாபத்தில் உள்ள இனம்' என்ற நிலைக்கு மாற்றியது. கடல் மட்டம் உயர்வதால் அடுத்த 45 ஆண்டுகளில் அவற்றின் வாழிடம் குறைந்தது 30 சதவீதம் சுருங்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். இப்படிப்பட்ட இனத்தில், கண்ணில் படும் பெரிய ஆண்களை எண்ணிவிட்டு 'நிறைய இருக்கு' என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்த தலைமுறை, குறைந்த காலமே வாழும் அந்தச் சின்ன உடம்புப் பெண்களை நம்பித்தான் இருக்கிறது.

கடல் இகுவானா: பெரியவர்களே முதலில் விழும் இடம்

கொமோடோவில் விலை கொடுப்பது பெண் என்றால், விலை கொடுப்பது ஆணாக இருக்கும் இடமும் உண்டு. பசிபிக் பெருங்கடலில், ஈக்வடாருக்கு மேற்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவில் இருக்கும் கலாபகோஸ் தீவுகள்.

டார்வின் 1835-ல் போய் இறங்கிய அதே தீவுகள். அங்கே கடல் இகுவானா என்ற ஒரு விசித்திரம் வாழ்கிறது. கடலுக்குள் இறங்கி இரை தேடும் ஒரே பல்லி இனம் இதுதான். சாப்பாடு கடல் பாசி. ஆணின் எடை பெண்ணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் பாறைகளில் ஆளுக்கொரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிக் காட்டும். பெண்கள் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். பெரிய ஆண்களுக்கே மவுசு.

அப்படியானால் ஆண்கள் ஏன் இன்னும் இன்னும் பெரிதாகிக்கொண்டே போகவில்லை? ஜெர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் விக்கல்ஸ்கி, ஃபிரிட்ஸ் டிரில்மிக் இருவரும் இதற்குக் கண்டுபிடித்த பதில் எளிமையானது: பசி.

பாசி மேய்வதில் ஒரு வரம்பு இருக்கிறது. பாறையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பாசியை ஒரு கடிக்கு இவ்வளவுதான் பிய்க்க முடியும். அலை வருவதற்குள், உடம்பு குளிர்ந்து விறைப்பதற்குள் மேய்ந்து முடிக்க வேண்டும். உடம்பு பெரிதானால் தேவை கூடும், ஆனால் வரவு அதே வேகத்தில் கூடாது. இதனால் தீவுக்குத் தீவு உச்ச அளவு மாறுகிறது. பாசி குறைவாக உள்ள ஹெனோவேசா தீவில் மிகப் பெரிய இகுவானாவே சுமார் ஒரு கிலோதான். பாசி செழித்த இசபெலா தீவில் 12 கிலோ வரை போகும். ஒரே இனம்தான்!

சாதாரண ஆண்டுகளில் பெரிய ஆண்களுக்குச் சமாளிக்க முடிகிறது. சிக்கல், எல் நினோ வரும்போது. நம் ஊரில் மழைச் செய்தியோடு சேர்த்துக் கேட்கும் அதே எல் நினோதான். பசிபிக் நீர் சூடாகும்போது, இகுவானாக்கள் விரும்பும் பச்சை, சிவப்புப் பாசிகள் மறைந்து, செரிக்கக் கடினமான பழுப்புப் பாசி பரவுகிறது. வயிறு நிறையும், சத்து ஏறாது. 1982-83 எல் நினோவின்போது சில தீவுகளில் பாதிக்கும் மேற்பட்ட இகுவானாக்கள் செத்துப்போயின. அந்தப் பஞ்சத்தில் அதிகம் அடிபட்டவை பெரிய உடம்புக்காரர்கள்.

இணை தேடும் போட்டி ஆணை 'இன்னும் பெரிதாகு' என்று தள்ளுகிறது. பசி 'இதற்கு மேல் வேண்டாம்' என்று இழுக்கிறது. பெண்களின் அளவு, அந்தத் தீவு தாங்கக்கூடிய அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்கள் அந்த எல்லையைத் தாண்டி, பாசி இருக்கும்வரை ஓடும் வண்டியில் இருக்கிறார்கள்.

எலும்போடு சேர்ந்து சுருங்கும் உடம்பு

இதில் யாரும் எதிர்பார்க்காத திருப்பம் ஒன்று 2000-ல் வந்தது. 18 ஆண்டுகள் அளந்து வைத்திருந்த பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த விக்கல்ஸ்கியும் கொரின்னா தோமும் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். சில இகுவானாக்கள் முந்தைய அளவைவிட நீளம் குறைந்திருந்தன.

அளந்தவர் தவறாக அளந்திருப்பார் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் எல் நினோ ஆண்டுகளில் மட்டும் இது திரும்பத் திரும்ப நடந்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் உடல் நீளத்தில் 20 சதவீதம் வரை சுருங்கியவை உண்டு. இளைத்துப் போவது வேறு. இது நீளமே குறைவது. குருத்தெலும்பு சுருங்குவதால் மட்டும் இவ்வளவு குறையாது, எலும்பும் கரைந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. சுருங்கிய இகுவானாக்கள் அதிக காலம் பிழைத்தன. பாசி திரும்பி வந்ததும் மறுபடி வளர்ந்தன.

முழுதாக வளர்ந்த ஒரு முதுகெலும்பி திரும்பத் திரும்ப நீளம் குறைந்து கூடுவது, அதுவரை யாரும் கேள்விப்படாத விஷயம். பெரிதாக வளர்வது எவ்வளவு கஷ்டமோ, தேவைப்பட்டால் அதை விட்டுக்கொடுப்பதும் பிழைப்புதான் என்பதை அந்த உடம்புகள் காட்டின.

அப்போ, 'ஆண்தான் வலிமை'ன்னு இயற்கை சொல்லுதா?

'இயற்கையிலேயே ஆண் பெருசு, பெண் சிறுசு. அதுதான் நியதி' என்று பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் சிங்கத்தின் படம் வரும். பல்லிகளின் படம் வராது. வந்தால் வாதம் நிற்காது.

2003-ல் காக்ஸ் குழுவினர் சுமார் 300 பல்லி இனங்களின் அளவுத் தரவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். ஆண்கள் இடத்துக்காகச் சண்டையிடும் இனங்களில் ஆண் பெரிதாக இருக்கும் போக்கு தெரிந்தது. முட்டை எண்ணிக்கையோடும் தொடர்பு தெரிந்தது. ஆனால் இந்த விளக்கங்கள் மொத்த வேறுபாட்டில் சிறு பகுதியைத்தான் விளக்கின. மீதி, ஒவ்வொரு இனத்தின் தனிக் கதை: எப்போது பருவம் அடைகிறது, எவ்வளவு காலம் வாழ்கிறது, என்ன தின்கிறது, எங்கே வாழ்கிறது.

ஆகவே பல்லி உலகில் 'பெரியது' என்பது பரிசு இல்லை, சின்னது என்பது தோல்வியும் இல்லை. ஆண் தன் உடம்பில் போட்ட முதலீடு சண்டைக்கு, பெண் போட்ட முதலீடு முட்டைக்கு. எது லாபம் என்பதை அந்த ஆண்டின் மழையும் பாசியும் பூச்சியும் முடிவு செய்கின்றன.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது. பெரிய ஆண்கள் எளிதில் கண்ணில் படுபவை. உயரத்தில் உட்காரும், நிறம் காட்டும், திறந்த வெளியில் திரியும். பருந்துக்கும் அவைதான் முதலில் தெரியும், மனிதனுக்கும்.

நம் ஊர் உடும்பிலும் ஆண், பெண்ணைவிடப் பெரிது. இறைச்சிக்கும், 'மூட்டு வலிக்கு நல்லது' என்ற நம்பிக்கைக்கும் வேட்டையாடப்படுவது போதாதென்று, இன்னொரு வியாபாரமும் இருக்கிறது. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், பணத்தை ஈர்க்கும் அபூர்வ மூலிகை வேர் என்று சொல்லி ஆன்லைனில் விற்கப்பட்ட பொருள், உண்மையில் ஆண் உடும்பிலிருந்து அறுத்து உலர்த்தப்பட்ட இனப்பெருக்க உறுப்பு. வேர்ல்ட் அனிமல் புரொடெக்‌ஷன் உள்ளிட்ட அமைப்புகளின் விசாரணையும் ஆய்வகச் சோதனையும் 2017-ல் இதை வெளியே கொண்டுவந்தன. உடும்பு, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 'வேர்' என்று நம்பி வாங்கினேன் என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்.

மதில் மேல் இருக்கும் ஓணானுக்கும் ஒரு வேண்டுகோள். செவந்த தலையோடு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தால் அது ஆண், இனப்பெருக்கக் காலம் நடக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் பக்கத்திலேயே எங்கோ ஒரு பெண், ஈர மண்ணில் குழி தோண்டி 10, 20 முட்டைகளைப் புதைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை உங்கள் வீட்டுத் தோட்டத்தில் பார்த்தால் கல் வேண்டாம். போனை ஜூம் செய்து, கன்னம் உப்பியிருக்கிறதா, தலை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். பிறகு கொஞ்சம் கீழே, சருகுகளுக்கு இடையில், இன்னொன்று இருக்கிறதா என்றும் தேடுங்கள்.